முகாமுக்கு முந்தின ஒரு வாரம்

நான் வைத்தியம் பார்க்கிற டாக்டர் இல்லை. இதை எங்கள் ஊர்ப் பக்கம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. பாறசாலையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் போதும், யாராவது ஒருவர் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டி, "டாக்டர் பிள்ளே, இந்தக் குளிகை காலத்தயா, அந்திக்கா?" என்று கேட்பார். ரத்தக்குழாயின் சுவர் எப்படித் தடிக்கிறது, எந்த இடத்தில் முதலில் விறைக்கிறது என்பதெல்லாம் எனக்குத் தெரியும். ஒரு காய்ச்சல் மாத்திரை எழுதித்தர எனக்கு உரிமை கிடையாது. அதைச் சொன்னால் ஜம்பம் அடிக்கிறேன் என்று நினைப்பார்கள். கடைசியில் நானே சீட்டை வாங்கிப் பார்த்து, "காலத்த தின்னுங்க" என்று சொல்லிவிட்டு நடப்பேன்.

இந்தத் துறைக்கு நான் படிப்பின் மேல் உள்ள ஆசையால் வரவில்லை. அப்பாவுக்கு ஐம்பத்திரண்டு வயதில் தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்தது. அவருக்கு முன்னால் பெரியப்பா, பின்னால் சித்தப்பா. மூன்று பேரும் நின்றுகொண்டிருந்த இடத்தில் விழுந்து, ஒரு வார்த்தை பேசாமல் போனார்கள். மிச்சம் இருந்தது அண்ணனும் தங்கையான நானும். அண்ணன் என்னைவிட ஆறு வயது மூத்தவன், குன்னத்துகாலுக்குப் போகிற சாலையில் மாவு மில் வைத்திருந்தான். அவனுக்கு நாற்பது வயதுக்குள்ளேயே பிரஷர் பிடித்துவிட்டது. ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு எழுதிய விண்ணப்பங்களில் நான் என்னென்னவோ நோக்கங்களைப் போட்டிருக்கிறேன். மனசுக்குள் இருந்தது ஒன்றே ஒன்றுதான். அண்ணன் அந்த வழியில் போகக்கூடாது.

திருவனந்தபுரத்தில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் எனக்கு வேலை. எலிகளை வைத்துப் பல வருடம் ஓட்டிய பிறகு, எங்கள் ஊர் மனிதர்களையே வருடக்கணக்கில் தொடர்ந்து பார்க்கிற ஓர் ஆய்வுக்கு அனுமதி கிடைத்தது. கேரள-தமிழ்நாடு எல்லையின் இரண்டு பக்கத்திலும் உள்ள சில ஊர்களில் பிரஷர் உள்ளவர்களைச் சேர்த்தோம். மாத்திரை அரசு சுகாதார நிலையத்தில் இலவசம். ஆஷா என்கிற கிராம சுகாதாரப் பணியாளர் வேலை பார்த்துக்கொண்டிருந்த மைனி, அதாவது அண்ணனின் மனைவி, எங்களுக்கும் வேலை செய்ய ஒத்துக்கொண்டார். மாதம் ஒருமுறை வீடு வீடாகப் போய், தின்று முடித்த மாத்திரை அட்டைகளை வாங்கிக் குறித்துக்கொள்வார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை மிஷன் காலத்துப் பழைய சர்ச்சின் ஹாலில் முகாம். ரத்த அழுத்தம் பார்ப்போம், ரத்தம் எடுப்போம், கழுத்தில் ஸ்கேன் வைத்து ரத்தக்குழாய்ச் சுவரின் தடிமனை அளப்போம்.

முகாம் தேதியை முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அறிவிப்பில் சொல்லிவிடுவார்கள். கோவிலிலும் மைக்கில் சொல்வார்கள். அந்த ஏற்பாடு என்னுடையது. முன்கூட்டிச் சொல்லாவிட்டால் ஆள் வராது என்று நிதி கொடுத்தவர்களிடம் வாதாடி வாங்கினேன்.

ஆள் வந்தது. சனிக்கிழமை காலையில் எல்லாரும் வெளுத்த துணி உடுத்து, வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்பார்கள். முதல் ஆள் எப்போதும் அண்ணன்தான். மில்லைப் பூட்டிவிட்டு, குளித்து, தலை சீவி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி வந்து உட்கார்ந்து கையை நீட்டுவான். எண்ணைச் சொன்னதும் பின்னால் திரும்பி வரிசையைப் பார்த்து, "நமக்குக் குழப்பமில்ல, கேட்டியளா" என்பான். வரிசை சிரிக்கும். ரத்தம் கொடுத்து முடித்தவர்களுக்குப் புட்டும் கடலையும் உண்டு. அந்த ஹாலில் நின்றபோது எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தால் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

எண்கள் அவ்வளவு நன்றாக இருந்தன. மாத்திரை தின்கிறார்கள், அழுத்தம் கட்டுக்குள் இருக்கிறது. இனி ரத்தக்குழாய் கெடாது, அல்லது மெதுவாகக் கெடும் என்பது கணக்கு. ஆனால் ஸ்கேன் வேறு கதை சொன்னது. முகாமுக்கு முகாம் கழுத்து ரத்தக்குழாயின் சுவர் தடித்துக்கொண்டே போனது. அண்ணனுக்கு மற்றவர்களைவிட வேகமாகத் தடித்தது. அழுத்தம் சரியாக இருக்கும்போது சுவர் ஏன் தடிக்கிறது?

சொல்ல வெட்கமாக இருக்கிறது. எனக்குப் பயம் வரவில்லை, சந்தோஷம் வந்தது. என்னை மாதிரி ஆட்களுக்கு வாழ்நாளில் ஒருமுறை கிடைக்கிற முடிச்சு இது. எங்கள் மக்களின் ரத்தத்தில் அழுத்தத்துக்குச் சம்பந்தமில்லாத வேறு ஏதோ ஒன்று இருந்து குழாயைத் தின்கிறது என்று எழுதினேன். நிலையத்தில் விளையாட்டாக அதற்கு 'எல்லைத் தமனி' என்று பேர் வைத்தார்கள். பேர் ஒட்டிக்கொண்டது. அந்த வேறு ஏதோ ஒன்றைத் தேடிப் பத்து வருடம் போனது. கருவாட்டைச் சந்தேகித்தேன். மரச்சீனிக்கிழங்கைச் சந்தேகித்தேன். ரப்பர் பாலை உறைய வைக்கிற ஆசிட்டை, கிணற்று நீரை, சொந்தத்துக்குள் கட்டிக்கொடுக்கிற வழக்கத்தை, ஒன்றையும் விடவில்லை. ஊர் முழுவதன் ரத்தமும் சின்னச் சின்னக் குழாய்களில் என் உறைபெட்டியில் அடுக்கி இருந்தது. ஒரு மாணவி அதில் இரண்டு புரதங்களைப் பிடித்துக்கொண்டு முனைவர் பட்ட ஆய்வில் இறங்கினாள். என் கட்டுரையைப் படித்து வேறு ஊர்க்காரர்களும் அவரவர் ரத்தத்தில் தேட ஆரம்பித்தார்கள்.

ஒருமுறை பூவாரில், காயலோரத்து ரிசார்ட் ஒன்றில், இதய மருத்துவர்களின் கூட்டத்தில் பேசினேன். பேசி முடித்ததும் ஒரு வயதான டாக்டர் எழுந்து, "இவங்க மாத்திரை சாப்பிடுறாங்களா?" என்று மட்டும் கேட்டார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. காலி அட்டைகளை எண்ணிய அட்டவணையைத் திரையில் போட்டு, "எங்க ஊர்க்காரங்க உங்க நோயாளிகள் மாதிரி இல்ல சார்" என்றேன். அரங்கம் சிரித்தது. அவர் சரி என்று தலையாட்டி உட்கார்ந்துவிட்டார். அன்று சாயங்காலம் கூட்டத்தை நடத்தியவர்கள் அவரோடு படகில் போகச் சொன்னபோது தலைவலி என்று சொல்லி நான் போகவில்லை. அவர் மேல் அவ்வளவு கோபம்.

அண்ணன் விழுந்தது ஒரு திங்கட்கிழமை, காலை பதினோரு மணிவாக்கில். யாருக்கோ அரிசி திரித்துக்கொண்டிருந்தவன், மாவைக் கட்டைவிரலில் தேய்த்துப் பார்த்தபடியே சரிந்துவிட்டான். வாங்க வந்தவர்தான் மெஷினை நிறுத்தி, ஆட்டோவில் தூக்கிப் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். நான் திருவனந்தபுரத்திலிருந்து போய்ச் சேர்ந்தபோது அவன் ஐ.சி.யூ.வில் இருந்தான். மூளையின் இடது பக்கம் ரத்தக்கசிவு. வலது கை கால் விழுந்துவிட்டது. பேச்சு போய்விட்டது.

டியூட்டியில் இருந்த டாக்டர் என் மாணவியின் வயதுதான் இருப்பாள். வந்து சேர்ந்தபோது அழுத்தத்தின் மேல் எண் இருநூறுக்கு மேல் இருந்தது என்றாள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. "அது இப்ப ஏறினது. இவருக்குப் பல வருஷமா கண்ட்ரோல்ல இருக்கு, எங்கிட்ட ரெக்கார்டு இருக்கு" என்றேன். அவள் என்னோடு வாதாடவில்லை. எக்கோவில் இதயத்தின் தசை தடித்துப் போயிருந்ததைக் காட்டினாள். வருடக்கணக்காக அதிக அழுத்தத்தைத் தாங்கிய இதயம் அப்படித்தான் இருக்கும். அதை நான்தான் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பேன். அப்போதும் என் புத்தி எங்கே போனது தெரியுமா? எல்லைத் தமனி இதயத்தையும் பிடிக்கிறதா என்று யோசித்தேன். என் அண்ணன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கிடக்கிறான், நான் அடுத்த கட்டுரையின் தலைப்பை யோசித்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் இன்ஷூரன்ஸ் அட்டையும் ஆதாரும் வேண்டும் என்றார்கள். மைனி அவனை விட்டு நகர மாட்டேன் என்றதால் நான்தான் வீட்டுக்குப் போனேன். அலமாரியின் மேல் தட்டில் காகிதங்களுக்குப் பின்னால் ஒரு பெரிய பிஸ்கட் டின் இருந்தது. ஆதார் அதில் இருக்குமோ என்று திறந்தேன். உள்ளே மாத்திரைகள். அட்டையிலிருந்து பிதுக்கி எடுத்த வெறும் மாத்திரைகள், விளிம்பு வரைக்கும். பழையவை பழுப்பேறி அடியில் பொடிந்து கிடந்தன. கையை விட்டு ஒரு பிடி அள்ளினேன். எத்தனை மாதம், எத்தனை வருடம் என்று தெரியவில்லை. எனக்கு எண்ணத் தைரியம் வரவில்லை.

அண்ணன் ஒருவன் செய்த கோளாறு என்று நினைக்கத்தான் முதலில் பார்த்தேன். மனசு அப்படித்தான் தப்பிக்கப் பார்க்கும். அண்ணனுக்கு அபாயம் நீங்கிய பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை, யாரிடமும் சொல்லாமல் பிரஷர் பார்க்கிற மெஷினை எடுத்துக்கொண்டு ஆய்வில் இருந்த வீடுகளுக்கு நடந்தேன். முதல் வீட்டில் கிழங்குக்குத் தொலி உரித்துக்கொண்டிருந்த அம்மாள் என்னைக் கண்டதும் கத்தியைக் கீழே போட்டுவிட்டார்.

"என்ன பிள்ளே, சொல்லாம கொள்ளாம வந்து நிக்கிய? ஒரு வாரம் முன்ன சொல்லியிருந்தா ஆயத்தமா இருந்திருப்பமே!"

கையை நீட்ட மாட்டேன் என்றார். கெஞ்சித்தான் அளந்தேன். முகாமில் என்னிடம் காட்டிய எண்ணுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. அடுத்த வீட்டிலும் அப்படி. அதற்கு அடுத்த வீட்டுக்காரர் ஒரு தையல்காரர், முருகன் கோவில் கமிட்டியில் இருக்கிறவர், ஒளித்துப் பேசத் தெரியாதவர்.

"எங்களுக்கு அது ஒரு விரதம் மாதிரியாக்கும். அறிவிப்பு கேட்ட அன்னைக்கே தொடங்குவோம். கருவாடு தொடமாட்டோம், உப்பு கொறச்சு, குளிகை நேரம் தெற்றாம. முகாமில புட்டு தின்னு முடிப்போம்."

"மத்த நாள்?"

"ஒனக்க கணக்கு தெற்றாம அட்டய மட்டும் பிதுக்கிக் குடுப்போம். தெனமும் தின்னா கிட்னி போவும்லா? அதும் ஒரு சீக்கும் இல்லாத ஒடம்புக்கு என்னத்துக்கு?" பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒனக்க முகாமில ஒருத்தரும் தோத்தது இல்லியே, மக்கா" என்று ஆறுதல் சொன்னார்.

எங்கள் சர்ச்சில் நற்கருணைக்கு முந்தின நாள் ஆயத்த ஆராதனை உண்டு. அந்த வாரம் குடிக்கிறவன் குடிக்க மாட்டான், சண்டைக்காரர்கள் பேசிக்கொள்வார்கள். சுத்தமாகப் போய் நிற்க வேண்டும், அவ்வளவுதான். திங்கட்கிழமை பழைய வாழ்க்கை. என் முகாமையும் அந்தக் கணக்கில் சேர்த்திருக்கிறார்கள். பக்கத்து வீடுகளில் அதற்கு விரதம் என்று பேர். ஒருவர்கூட என்னை ஏமாற்ற நினைக்கவில்லை. நம்ம ஊர்ப் பிள்ளை இத்தனை தூரம் வந்து பார்க்கிறாளே என்று, அவளுக்காக ஒரு வாரம் ஒழுங்காக இருந்தார்கள். ஏமாற்றியிருந்தால் நான் கோபப்பட்டாவது தீர்த்திருப்பேன்.

சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குத் திரும்பினேன். மைனி கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து அண்ணனின் விழுந்த கையைத் தேய்த்துக்கொண்டிருந்தார். டின்னைப் பார்த்தேன் என்று சொன்னேன். அவர் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"ஒங்களுக்குத் தெரியுமா மைனி?"

"எல்லாருக்கும் தெரியும் பிள்ளே. ஒனக்கும் தெரியும்ணுதான் நெனச்சோம். இல்லேண்ணா என்னத்துக்கு ஒரு வாரம் முன்னயே சர்ச்சில விளிச்சுச் சொல்லணும்?"

அண்ணனின் விரல்களை ஒவ்வொன்றாக விரித்தபடி அவரே சொன்னார்.

"அட்டய பிதுக்கி டின்னுல போடும்போ நான் கேட்டேன். 'அவளுக்க கணக்கு தெற்றப்பிடாது. நம்ம வீட்டு ஆளு தோத்தா அவளுக்குக் கொறச்சிலாக்கும்'ணு சொன்னாவ. மருந்தாக்கும், களையவும் மனசு வரல்ல."

"தின்னா என்ன?"

"தின்னாவளே. மொதல்ல ஒழுங்காத்தான் தின்னாவ. காலு வீங்கிச்சு. மில்லுல நிக்க முடியல்ல. ஒங்கிட்ட காட்டினாவல்லா?"

காட்டினான். எனக்கு ஞாபகம் வந்தது. ஆரம்ப காலத்து முகாம் ஒன்றில், ரத்தம் கொடுத்த பிறகு வேட்டியைக் கொஞ்சம் தூக்கி, "இதப் பாரு, ரெண்டு காலும் நீரு வச்ச மாதிரி" என்றான். அவனுக்குப் பின்னால் வரிசை நீண்டு நின்றது. நான் குனிந்து பார்க்கவில்லை. அந்த மாத்திரைக்கு அது சாதாரணப் பக்கவிளைவு, ஒண்ணும் செய்யாது, டாக்டரிடம் கேட்டுக்கொள் என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன். வேறு மாத்திரை மாற்றிக் கொடுத்தால் தீர்கிற காரியம். நான் டாக்டர் இல்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறேன். அவன் என்னைத்தான் டாக்டர் என்று நம்பினான். ஒண்ணும் செய்யாது என்று நான் சொன்ன பிறகு அவன் வேறு யாரிடம் போவான்?

கட்டுரைகளைத் திரும்பப் பெறுவதாகப் பத்திரிகைகளுக்கு எழுதினேன். காரணத்தை மறைக்காமல் எழுதினேன். நிலையத்தில் சிலர் வருத்தப்பட்டார்கள், சிலர் வருத்தப்படுகிற மாதிரி காட்டிக்கொண்டார்கள். மேலதிகாரி, இவ்வளவு பச்சையாக எழுத வேண்டுமா, ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம்தானே என்றார். மாணவிதான் என்னை உலுக்கிவிட்டாள். நான்கு வருட வேலையை உதறவேண்டும் என்று சொன்னபோது அவள் அழவில்லை. "அப்ப நான் கண்டுபிடிச்ச புரதம் என்ன மேடம்?" என்று கேட்டாள். பிரஷர் இருந்தும் மாத்திரை தின்னாத எந்த மனிதனின் ரத்தத்திலும் அது இருக்கும் என்றேன். அவள் குறிப்பேட்டை மூடி மேசையில் வைத்துவிட்டுப் போனாள். அடுத்த மாதம் பள்ளியில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். எனக்குப் போன் செய்வதில்லை, செய்யவேண்டியதும் இல்லை.

ஊரில் கூட்டம் போட்டு உண்மையைச் சொன்னேன். தலை குனிந்து கேட்டார்கள். முடிவில் தையல்காரர் எழுந்து, இனி ஒரு முகாம் வைத்தால் எல்லாரும் ஒழுங்காகத் தின்போம், என்றைக்கு என்று மட்டும் சொன்னால் போதும் என்றார். எல்லாரும் ஆமாம் என்றார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. தேதி கிடையாது, தினமும்தான் என்று மறுபடி முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.

அண்ணனை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டோம். டாக்டர் கால் வீங்காத வேறு மாத்திரை எழுதிக்கொடுத்தார். மைனி தினமும் காலையில் பொடித்துக் கஞ்சியோடு கொடுத்தார். நான் முன்கூட்டிச் சொல்லாமல், தோன்றின நாளில், தோன்றின நேரத்தில் போய் அளந்தேன். அழுத்தம் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. மூன்றாம் வாரம் ஒரு புதன்கிழமை, மேல் எண்ணும் கீழ் எண்ணும் எந்தக் குறையும் சொல்ல முடியாத இடத்தில் நின்றன. நம்பாமல் மூன்று முறை அளந்தேன். அதே எண். பாடப்புத்தகத்தில் போட்டிருக்கிறபடியே இறங்கியிருந்தது. எங்கள் குடும்பத்து ரத்தக்குழாயில் எந்த மர்மமும் இல்லை. அப்பாவுக்கும் இருந்திருக்காது. யாருக்கும் உள்ள ரத்தக்குழாய்தான், ஒரு சின்ன மாத்திரைக்குக் கட்டுப்படுகிற ரத்தக்குழாய்தான். பின்கட்டுக்குப் போய் வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

அவன் இனி பேசமாட்டான் என்று சொல்லிவிட்டார்கள். மில்லை வேறு ஆள் நடத்துகிறார். இப்போது நான் மெஷின் எடுத்துக்கொண்டு போவதில்லை. மைனி பார்த்துக்கொள்கிறார். நான் சும்மா போய் உட்கார்ந்திருப்போம் என்றுதான் போகிறேன். ஆனால் என் தலையை வாசலில் கண்டதும் அண்ணன் இடது கையால் வலது கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்து, முடியாமல் விட்டுவிட்டு, இடது கையையே என் பக்கம் நீட்டுகிறான். மைனி அன்று அளந்து வைத்த எண்ணை நான் சொல்லும்வரை மடக்குவதில்லை. வேறு எதற்காவது நான் அந்த வீட்டுக்குப் போனதாக அவனுக்கு நினைவில்லை போலிருக்கிறது. எனக்கும் இல்லை.